அளந்துகொண்டே இருக்கிறார்கள்

சென்னைக்குக் காது கேட்காது என்று யாரும் பழிக்க முடியாது. அரசுச் செலவில் 2011-லேயே காது மாட்டத் தொடங்கியாகிவிட்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏழு பெருநகரங்களில் 70 இடங்களில் ஒலி அளக்கும் கருவிகளை நட்டது. அதில் சென்னையின் பங்கு பத்து. தியாகராய நகர், எழும்பூர் கண் மருத்துவமனை எல்லாம் அதில் அடக்கம். கருவி இரவு பகலாகக் கேட்கிறது, கேட்டதை அனுப்புகிறது. அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை.

மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். பகலில் 50 டெசிபல், இரவில் 40. அதை அறிவிக்கும் பலகைக்கு நேர் கீழே பஸ்காரர் ஏர் ஹார்னை அமுக்குகிறார். நோயாளிக்குத் தூக்கம் போயிற்று. வாரியத்துக்கு ஒரு புள்ளிவிவரம் கிடைத்தது.

இது போதாதென்று செல்போன் செயலி. நீங்களே அளந்து வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கலாம். தெருமுனையில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் ஜன்னல் கண்ணாடியை உலுக்க, உள்ளே பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மகன் புள்ளி வைக்கிறான். புள்ளியோடு ஸ்டேஷனுக்குப் போனால், "போன் மைக் கணக்கெல்லாம் செல்லாது சார்." வாஸ்தவம்தான், போனுக்குப் போன் அளவு மாறும். சரி, கம்பத்தில் தொங்கும் அசல் கருவி சொன்னதை மட்டும் எவர் கேட்டார்?

சட்டத்தின் கருணையைப் பாருங்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். ஆனால் பகலில் வரம்பை 10 டெசிபல் தாண்டினால்தான் புகார் கொடுக்கலாம் என்கின்றன 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு! அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். காதைப் பொத்துவது அவரவர் சௌகரியம். ஐந்தாண்டு வரை சிறை என்று பயமுறுத்தவாவது ஒரு பிரிவு இருந்தது. 2023-இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் அதையும் அபராதமாக்கிவிட்டது.

ஸ்பீக்கர் பெட்டிமேல் பறப்பது எந்தக் கட்சிக் கொடி என்று அறியும் சென்சார் மட்டும் நம் அதிகாரிகளிடம் பழுதாவதே இல்லை.

ஒலியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் கலெக்டருக்கும் கமிஷனருக்கும் டி.எஸ்.பி.க்கும் அதே விதிகளில் இருக்கிறது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அதைத் தடுக்க டெசிபல் அறிந்திருக்க வேண்டாம், மணி பார்க்கத் தெரிந்தால் போதும்.