துவாரபாலகர்

கோயில் கர்ப்பக்கிருகத்தின் வாயிலில் கதாயுதத்தை ஊன்றிக்கொண்டு, ஒரு விரலை உயர்த்தி, விழிகளை உருட்டியபடி நிற்கும் துவாரபாலகர்களைத் தரிசித்திருக்கும் அன்பர்களுக்கு, அதே உத்தியோகத்தை ஊதியமின்றித் தம் வீட்டுச் சுவரோரத்தில் பார்த்து வருகிற ஒருவர் தங்கள் தெருவிலும் வாசம் செய்கிறார் என்பது சட்டென்று புலப்படாமல் போகலாம். கதாயுதத்துக்குப் பதில் இவர் கையில் இருப்பது சிலிக்கான் துப்பாக்கி. வாயிலைக் காப்பதில் இவருக்குச் சிரத்தை கிடையாது; கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் குறட்டை விடுவார். இவர் காப்பதெல்லாம் கம்பிகள் நுழையும் துவாரங்களை.

எங்கள் நங்கநல்லூர்த் தெருவில் இருப்பவர், முப்பத்தைந்து வருஷம் தணிக்கை இலாகாவில் பிறர் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பழக்க தோஷத்தால் தம் வீட்டுச் சுவரை ஏறிட்டுப் பார்த்தார்.

மானிட சரீரத்துக்கு நவத்துவாரங்கள் என்பார்கள்; அவர் வீட்டுக்கும் சரியாக ஒன்பது. 1975-ல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் ஏற்பட்டதன் பயனாக மொட்டைமாடி ஆன்டெனாவின் கம்பி நுழைந்த வழி ஒன்று. 1990-களில் வந்த கேபிள்காரர், அந்த வழி சும்மா கிடந்தும் அதைத் தீண்டாமல், ஒரு சாண் தள்ளித் தமக்கென்று குடைந்துகொண்டது மற்றொன்று. பிற்பாடு டிஷ், ஏ.சி., காமிரா, ஃபைபர் என்று வந்தவர்களில் எவருமே முன்னோர் சென்ற மார்க்கத்தில் சென்றதில்லை. (சம்பிரதாயத்துக்கு இவ்வளவு விரோதிகளை ஒரே சுவரில் நான் கண்டதில்லை.) இத்தனை பேரில் அவர் மரியாதை செலுத்துவது ஒருவருக்குத்தான்: மின்சாரக் கம்பி இறங்கும் இரும்புக் குழாயின் வாயைக் குடைக் கைப்பிடிபோல் கீழ்நோக்கி வளைத்து வைத்த, பெயர் தெரியாத அந்த ஈ.பி. ஊழியர்.

ஏ.சி. பொருத்த வந்த பையன் அவரிடம் பட்ட பாட்டை நானே பார்த்தேன்.

“தம்பி, ஓட்டை எந்தப் பக்கம் சரியுது?”

“நேராத்தான் சார் போட்டிருக்கேன்.”

“நேராவே இருக்கக் கூடாதப்பா! உள்ளே ஏத்தம், வெளியே இறக்கம். மழைத் தண்ணி தானா உள்ளே வராது; நீதான் வழி போட்டுக் கூப்பிடறே.”

பையன் பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் குழாயைச் சுற்றித் திணித்து, மேலே வெள்ளைச் சிமெண்டைத் தடவிவிட்டுக் கிளம்பும் உத்தேசத்தில் இருந்தான். அவரோ, சிமெண்டு இறுகிய பின் வெயிலில் கம்பியோரமாக விரிசல் காணும் என்பதையும், சிலிக்கானே இழுத்த இழுப்புக்கு வளைந்து கொடுக்கும் என்பதையும், ஈரம் பட்ட காகிதம் ஐப்பசி அடைமழையில் என்ன கதிக்கு ஆளாகும் என்பதையும், பென்சில் நுழையும் சந்து, அதாவது சுமார் 6 மில்லிமீட்டர், ஒரு சுண்டெலிக்கு ராஜபாட்டை என்பதையும், அவன் தேநீர் ஆறி ஆடை கட்டும் வரையில் உபதேசித்தார். கம்பிகளை அவர் சுவருக்குள் நேராகப் போக விடுவதில்லை. ஒரு சாண் கீழே தொங்கி, பிறகு மேலேறித்தான் நுழைய வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு வரும் மழைநீர் அந்த அடிவளைவில் சொட்டிப்போகும். சாஸ்திரம் வாஸ்தவமே; ஆனால் வீட்டுப் பக்கச் சுவர் கல்யாணப் பந்தல்போல் தோரணம் கட்டி நிற்கிறது.

சிலிக்கானையும் நுரையையும் எலி கடித்துவிடும் என்பதால், முதலில் ஸ்டீல் நாரை உள்ளே அடைத்து, அதன் பின்பே பூச வேண்டும் என்பது அவருடைய மூலமந்திரம். “பாத்திரம் தேய்க்கிற நாரையெல்லாம் சுவத்துக்குக் குடுத்துட்டா, பாத்திரத்தை எதால தேய்க்கிறதாம்?” என்ற அம்மையாரின் கேள்விக்கு இன்றுவரை தணிக்கைக் குறிப்பு எழுதப்படவில்லை. சிலிக்கானில் பெயிண்ட் ஒட்டாது என்பதும் அவர் ஒப்புக்கொள்ளாத ஓர் உண்மை. போன பொங்கலுக்கு இளநீலம் பூசிய சுவரில் அத்தனை தழும்புகளும் பளிச்சென்று தெரிகின்றன.

துக்கம் விசாரிக்கப் போன ஒரு வீட்டில், அவர் சுவரில் முகத்தைப் பதித்து வெகு நேரம் நின்றதைக் கண்டு, இவ்வளவு பாசமா என்று உறவினர் நெகிழ்ந்தனர். ஏ.சி. குழாயோரம் வெளிச்சம் தெரிகிறதா என்று அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சென்ற மாசியில், ஃபைபர் இணைப்பை மாற்றியதால் காலியான ஒன்பதாவது துவாரத்தை அடைக்க ஏறியவர், ஏணியிலேயே ஸ்தம்பித்து நின்றுவிட்டார். ஒரு குளவி முந்திக்கொண்டு ஈரமண் சுமந்து வந்து அதில் கூடு கட்டிக்கொண்டிருந்தது. “கையை வெச்சீங்கன்னா தெரியும்!” என்று கீழேயிருந்து அம்மையார் எச்சரித்தார்; குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது நம்பிக்கை, பெண்ணுக்கோ கல்யாணமாகி மூன்று வருஷமாகிறது. அவர் கையை வைக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அரை மணி நேரம் பார்த்தார். பச்சைப் புழுக்களை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து உள்ளே திணித்துவிட்டு, அதன் மேல் அது மண் பூசி முடித்தது.

“பார்த்தீரா சார்? முதல்ல உள்ளே அடைச்சுது, அப்புறம்தான் பூசுது!” என்று தழுதழுத்தபடி இறங்கியவர், சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, அந்த ஏ.சி. பையனை உடனே புறப்பட்டு வரச் சொன்னார்.