பாவு அறுத்த பின் செய்யவிருக்கும் காரியங்கள்: வெண்ணந்தூரை முன்வைத்து ஓர் ஆய்வு

செய்ய நினைத்ததற்கும் செய்து முடித்ததற்கும் இடையே உள்ள தூரத்தை எதைக்கொண்டு அளப்பது? திருவள்ளுவர் வினைத்திட்பத்துக்கு ஓர் அதிகாரம், மடியின்மைக்கு ஓர் அதிகாரம் என்று தாராளமாக ஒதுக்கினாரே தவிர, அளவு சொல்லாமல் போய்விட்டார். நாமக்கல் மாவட்டம் வெண்ணந்தூரில் அந்த அளவுகோல் புழக்கத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. அதன் பெயர் பாவு.

தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளே பாவு. குறுக்கே போய்வருவது ஊடை. ஏற்றிய பாவை நெய்து தீர்ப்பதுதான் பாவு அறுப்பது. விசைத்தறி ஊரில் காலண்டர் சுவரில் தொங்கினாலும், காலம் ஓடுவது பாவில்தான். தரவு சேகரிப்பு தறிப்பட்டறை வாசலில் நடந்தது. பேசியவர்கள் ஒரு தறிக்காரரும் அவர் மனைவியும்.

"ஏனுங்க, ராத்திரியெல்லாம் பல்லு வலின்னு பொலம்புறீங்க. ராசிபுரம் போயி காட்டிட்டு வந்தா என்னங்க?"

"இந்தப் பாவு அறுக்கட்டும், போயிக்கலாம்."

வண்டி இன்சூரன்ஸ், ரேஷன் கார்டில் பேரன் பெயர் சேர்ப்பது, ஒழுகும் ஓட்டை மாற்றுவது ஆகியவற்றுக்கும் இதே விடைதான். மச்சினனிடம் வாங்கிய கடன் பற்றிக் கேட்டபோது தறிச் சத்தத்தில் கேள்வி காதில் விழவில்லை.

இது வெறும் சாக்கு என்று அவசரப்படுவோர் ஜெர்மனி உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரைப் படித்ததில்லை. 'செய்வேன்' என்று பொதுவாக நினைப்பவனைவிட, 'இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்' என்று முடிச்சுப் போட்டு வைப்பவனே செய்து முடிக்கிறான் என்று அவர் 1999இல் எழுதினார். தறிக்காரரின் வாக்கியம் அச்சு அசலாக அதே அமைப்பில் இருக்கிறது. பாவு அறுத்ததும் பல். விஞ்ஞானம் கேட்டதைத் துளி பிசகாமல் கொடுத்தும் பல் ஏன் அதே இடத்தில் இருக்கிறது?

இங்கேதான் பாவு பிணைக்கிறவர் உள்ளே வருகிறார். பழைய பாவு தீரும்போது தறியைக் காலியாக விடுவதில்லை. அச்சிலும் விழுதிலும் கோத்த பழைய இழை நுனிகளை அப்படியே விட்டுவைத்து, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகளைத் திரும்பக் கோக்கும் வேலை மிச்சம். ஆக, பாவு தீர்கிறது, தறி தீர்வதில்லை. இழை இழையாகப் பார்த்தால், தறி வாங்கிய நாளில் ஏற்றிய பாவின் தொடர்ச்சிதான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. தறிக்காரர் பொய் சொல்லவே இல்லை. அவர் சொன்ன நேரம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். கோல்விட்சருக்கு இந்த நுட்பம் எட்டாததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

மின்தடை ஓர் இயற்கைப் பரிசோதனை. கரண்ட் இருந்தால் நேரமில்லை. கரண்ட் போனால் வெளிச்சமில்லை. ஆகவே டீக்கடை.

நூலை வைத்துத் தீர்மானத்தை அளப்பது நம் ஊர்க்காரர் கண்டுபிடிப்பு மட்டுமல்ல. 1924 டிசம்பரில் காந்தி தலைமையில் கூடிய பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கெஜம் நூல் தன் கையால் நூற்றுத் தர வேண்டும் என்றது. அருமையான தீர்மானம். கூடவே ஒரு வாசலும் வைத்தார்கள்: உடம்பு சரியில்லாவிட்டாலோ, நூற்க விருப்பமில்லாவிட்டாலோ, வேறொருவர் நூற்றதைத் தரலாம். 'விருப்பமில்லை' என்பதைச் சட்டபூர்வமான காரணமாக ஏற்ற அந்தப் பெருந்தன்மையை ஆய்வுலகம் இன்னும் உரிய முறையில் கொண்டாடவில்லை. 1925 செப்டம்பரில் பாட்னாவில் கூடி, நாலணா சந்தா கொடுத்தாலும் போதும் என்று இறங்கிவந்தார்கள்.

அதே 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கி, அங்கேயே குடியேறிக் கதர் வேலையில் இறங்கிவிட்டார். சொன்னதைச் செய்கிற இத்தகையவர்கள் சராசரியைக் கெடுப்பதால், ஆய்வு ஒழுக்கம் கருதி அவர்களை விலக்கிவிட்டோம்.

கருதுகோளைச் சோதிக்க ஒரு வாய்ப்பு மட்டும் தானாக வந்தது. நூல் விலை ஏறி, தறி நின்றது. பிணைக்கப் பாவே இல்லை. ஆய்வாளன் என்ற முறையில் பட்டறைக்கு ஓடினேன். தறிக்காரர் திண்ணையில் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இப்பப் போலாமில்லைங்களா?"

"கையில காசு வேணுமில்லைங்க. பாவு வரட்டும்."

பாவு வந்தது. பல் அதற்கு முன்பே தானாக விழுந்துவிட்டிருந்தது. அந்தக் காரியம் முடிந்ததாகவே அவர் கணக்கு. அவர் மனைவியின் கணக்கை அச்சிட இயலாது.