வலைக்கு வெளிச்சம், கண்ணுக்கு இருட்டு

ஃபைபர் படகில் ராத்திரி வலை பிரிக்க ஒரு விளக்கு வேண்டும். நாமே செய்துகொள்ள முடியுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

தாராளமாக! 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, 10 வாட் எல்.இ.டி. விளக்கு, ஃபியூஸ், தண்ணீர் புகாத சுவிட்ச், ஒயர். அவ்வளவுதான். விளக்கில் ‘10 முதல் 30 வோல்ட்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேருக்குத்தான் அது 12 வோல்ட் பேட்டரி. சார்ஜ் ஏறும்போது 14-ஐத் தாண்டும். 12-க்கென்றே செய்த மலிவு எல்.இ.டி. பட்டை சூடேறிச் சீக்கிரம் கருகிவிடும்.

ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம் எரியும்?
– வாசகர், தூத்துக்குடி

10 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 0.8 ஆம்பியர். அதன்படி எட்டு மணி நேரம் என்று காகிதம் சொல்லும், பேட்டரி ஒப்புக்கொள்ளாது. ஈய-அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும். நான்கு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இத்துனூண்டு விளக்குக்கு ஃபியூஸ் எதற்கு?
– வாசகர், கடலூர்

ஒயரைக் காப்பாற்ற! எங்காவது உறை தேய்ந்து பிளஸ்ஸும் மைனஸும் தொட்டுக்கொண்டால் சின்ன பேட்டரியே ஒயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். பக்கத்திலேயே எண்ணெய் கேன் இருக்கும். 2 ஆம்பியர் ஃபியூஸைப் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் மாட்டுங்கள். தள்ளி, சுவிட்ச் பக்கம் வைத்தால் நடுவிலுள்ள ஒயருக்குக் காவலே இல்லை.

மாட்டிய சில மாதத்திலேயே விளக்கு மினுக்கு மினுக்கென்கிறதே?
– வாசகர், ராமேஸ்வரம்

ஒயர் நுனியைச் சீவிப் பாருங்கள். செம்பு பச்சை பூத்தோ கறுத்தோ இருக்கும். உப்புத் தண்ணீர் உறைக்குள்ளேயே ஏறியிருக்கிறது. வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் வாங்குங்கள். இணைப்பின் மேல் உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கி இறுக்குங்கள். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். வெறும் டேப் சுற்றுவது உப்புக்குப் போர்வை போர்த்திவிடுவது போலத்தான். இன்னொன்று, பேட்டரிப் பெட்டியைக் காற்றுப் போகாமல் அடைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறலாம்.

50 வாட் போட்டால் இன்னும் பளிச்சென்று இருக்குமே?
– வாசகர், குளச்சல்

வலை பளிச்சென்று தெரியும். எதிரே வரும் கப்பல் தெரியாது. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரை மணி நேரம் போல ஆகும். கூசும் வெளிச்சம் ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும். சின்ன விளக்கே போதும். அதற்கு மேலே ஒரு மறைப்பு வைத்து வலையைப் பார்த்துத் திருப்புங்கள். படகின் இடப்பக்கச் சிவப்பு விளக்கையும் வலப்பக்கப் பச்சை விளக்கையும் வேலை விளக்கு அமுக்கிவிடக் கூடாது என்பது 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதி.

அந்த விளக்கைக் கடலை நோக்கித் திருப்பினால் மீன் வருமாமே?
– வாசகர், பழவேற்காடு

வரும், குஞ்சும் குளுவானுமாக. எல்.இ.டி. போன்ற செயற்கை வெளிச்சத்தால் மீனை இழுத்துப் பிடிப்பதை 2017-இல் மத்திய அரசு தடை செய்துவிட்டது. குஞ்சை இன்றைக்கே அள்ளிவிட்டால், அடுத்த வருஷம் வெறும் வலையைப் பிரிக்க விளக்கு எதற்கு?