முழங்கால் நோகாத யாத்திரை

"நேத்து ராத்திரி வெனிஸ்ல நல்ல மழை. ரியால்ட்டோ பாலத்துல ஈ காக்கா இல்லை."

காலையில் செய்தித்தாளை எடுக்க வந்த இடத்தில் அவர் இப்படிச் சொன்னால், அடுக்ககத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் "எப்ப சார் திரும்பி வந்தீங்க?" என்று விசாரிப்பார்கள். பழையவர்கள் சிரித்துக்கொண்டே மாடியேறிவிடுவார்கள். மயிலாப்பூரில் தெருவுக்கு நாலு பேராவது இருக்கும் இந்த வகை மனிதர், பாஸ்போர்ட்டே எடுத்தது கிடையாது.

ஓய்வுபெற்ற கையோடு பிள்ளை வாங்கித் தந்த 55 அங்குல டிவிதான் இவருக்கு விமானம், ரயில், ஓட்டல் எல்லாம். அதில் ஓடுவது ஒரே வகை வீடியோ. யாரோ ஒருவர் ஆடாத தாங்கியில் கேமராவைப் பொருத்தி, ஏதோ ஓர் ஊரில் இரண்டு மணி நேரம் நடப்பார். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. செருப்புச் சத்தம், கோயில் மணி, குடைமேல் விழும் மழை, அவ்வளவுதான். நடப்பவர் முகம் கடைசிவரை தெரியாது. கடைக் கண்ணாடியில் எப்போதாவது ஒரு நொடி உருவம் விழும். அதைப் பிடிப்பதில் நம்மவர் கெட்டிக்காரர். "அதோ, தொப்பி போட்டிருக்கான்!" என்று துள்ளுவார், திருடனைப் பிடித்த மாதிரி.

வெறுமனே பார்க்கிறார் என்று நினைத்தால் தப்பு. டோக்கியோவின் ஷிபுயா சந்திப்பில் பச்சை விழுந்து எல்லாப் பக்கமிருந்தும் ஜனம் புறப்பட்டால், சோபாவில் ஓர் அங்குலம் நகர்ந்து வழிவிடுவார். வெனிஸில் 2008-ல் திறந்த புதுப் பாலத்துக்குக் கண்ணாடிப் படிகள் வைத்து, பலர் வழுக்கி விழுந்ததில் பிறகு கல் பதிக்க முடிவு செய்தார்கள். அது தெரிந்ததிலிருந்து, பழைய வீடியோவில் அந்தப் பாலம் வந்தால் சோபாக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்கிறார். இறங்கியதும் ஒரு பெருமூச்சு. பகலில் வந்து போகிறவர்களிடம் சில நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கும் வழக்கம் 2024-ல் அங்கே தொடங்கியதல்லவா? "நமக்கு அந்தத் தொல்லை இல்லை" என்பதில் தனி சந்தோஷம்.

இந்தக் கலைக்கு அவர் பூர்வீகமும் வைத்திருக்கிறார். 1906-ல் சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் டிராம் போன்ற கேபிள் வண்டியின் முகப்பில் கேமராவை வைத்து எடுத்த படம்தான் பாட்டனாம். எடுத்த சில நாட்களிலேயே பூகம்பம் வந்து ஊரைச் சாய்த்துவிட்டது. அதில் வண்டிக்குக் குறுக்கே ஓடும் பையன்களை இன்றைக்கும் அவர் அதட்டுகிறார்.

2009-ல் நார்வே அரசுத் தொலைக்காட்சி, பெர்கனிலிருந்து ஆஸ்லோவரை போகும் ரயில் பயணத்தை ஏழு மணி நேரத்துக்கு மேல் அப்படியே காட்டியது. அப்போது ஐம்பது லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் கொஞ்சமாவது பார்த்தார்களாம். வழியில் 182 சுரங்கப்பாதைகள். அந்த இருட்டு நேரத்தைப் பழைய படங்களால் நிரப்பியிருந்தார்கள். நம்மவர் வேறு விதமாக நிரப்பப் பார்த்தார்.

"சுரங்கம் வருது. ஒரு வாய் காபி கிடைக்குமா?"

"மொத்தம் 182-ன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் மனைவி அடுக்களையிலிருந்து.

இவர் அறிவை லேசாக எடைபோட முடியாது. வேலை விஷயமாக டோக்கியோ போன அக்கா மகன், இருநூறுக்கு மேல் வாசல் உள்ள ஷின்ஜுகு நிலையத்தில் மாட்டிக்கொண்டு போன் செய்தான். "கிழக்கு வாசல் பலகையைப் பிடிச்சுக்கிட்டே வாடா. வெளிய வந்தா எதிர்க் கட்டடத்துல ராட்சசப் பூனை விளம்பரம் குதிக்கும்" என்றார். "ஆமா மாமா, பூனை!" என்று கத்தினான் பையன். அதே மாமாவுக்கு, மெட்ரோ வேலைக்காக வழியை மாற்றிவிட்ட லஸ் பக்கம் போனால் வீடு திரும்பத் தெரியாது.

விரோதிகள் இருவர். ஒன்று, பிராக் நகரத்து மணியோசையில் கண் சொருகும் நேரம் பார்த்துப் பாய்கிற மூட்டுவலித் தைல விளம்பரம். மற்றது, கேமராவை முறைத்துப் பார்க்கும் வழிப்போக்கர்கள். "நாகரிகம் தெரியாத ஜனங்க. பேசாம நடந்து போனா என்ன?"

போன பங்குனியில், அறுபத்துமூவர் உற்சவத்தன்று, கொத்தமல்லி வாங்கி வரும்படி அவரை மாட வீதிக்கு அனுப்பினார்கள். போனவர் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. கூட்டத்தில் ஒரு வெளிநாட்டு இளைஞன் கையில் அந்தத் தாங்கியைப் பார்த்துவிட்டாராம்.

மூன்று வாரம் தேடி அந்த வீடியோவைப் பிடித்தார். அக்கம்பக்கத்தாரை அழைத்து, விளக்கை அணைத்து ஓடவிட்டார். பல்லக்குகள், பலூன்காரன், நீர்மோர்ப் பந்தல். அப்புறம் 47-ஆவது நிமிஷத்தில் அவரே. வேட்டி, கையில் துணிப்பை, வாய் லேசாகத் திறந்திருக்க, நேராகக் கேமராவையே முறைத்துக்கொண்டு முழுசாகப் பதினோரு நொடி நின்றார். நடப்பவன் விலகிப் போகப் பார்க்க, அவன் கூடவே தலையும் திரும்பியது.

யாரும் வாய் திறக்கவில்லை. மனைவிதான் ரிமோட்டை வாங்கி, பின்னால் தள்ளி, படத்தை நிறுத்தினார்.

"பையைப் பாருங்க. காலி."