வில்லனுக்கு எத்தனை டிகிரி கொடுமை?

கேள்வி: மாயாஜால வீடியோ கேம்களில் வரும் வில்லன் எவ்வளவு கெட்டவனாக இருக்க வேண்டும்?

பதில்: உலகையே அழிக்கப்போவதாகச் சூளுரைப்பதற்குக் காசு செலவில்லை என்பதால் பெரும்பாலான வில்லன்கள் அதை முதற்காட்சியிலேயே செய்துவிடுகின்றனர், ஆயினும் ஆட்டக்காரருக்குக் கோபம் மூட்டுவது அழிவின் பரப்பளவன்று, அதன் அருகாமையே ஆகும். 1994-இல் ஜப்பானில் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டசி 6' என்னும் ரோல் பிளேயிங் வகை ஆட்டத்தில், அதாவது கதைமாந்தரை வழிநடத்திச் சண்டைக்குச் சண்டை அவர்தம் வலிமையைப் பெருக்கிச் செல்லும் வகையில், கோமாளி வேடத்தில் திரியும் கெஃப்கா என்னும் மந்திரவாதி, பாலைவனத்தின் நடுவே நின்றுகொண்டு, தன் பூட்ஸில் ஒட்டிய மணலைத் துடைக்குமாறு வீரர்களை ஏவுகிறான். சிரிப்பு அடங்குவதற்குள் அவனே டோமா கோட்டையின் நீரில் நஞ்சைக் கலந்துவிட, சயான் என்னும் வீரன் தன் மனைவியும் மகனும் மாண்டுகிடப்பதைக் காண்கிறான். பாதிக் கதையிலேயே கெஃப்கா உலகையும் சிதைத்துவிடுகிறான் என்றாலும், ஆட்டக்காரர் பழிதீர்க்கத் துடிப்பது அந்த நீருக்காகவே எனலாம்.

கொடுமைக்குக் காரணம் காட்டப்படுவதும் நன்றே, ஆனால் காரணம் மன்னிப்பாக மாறிவிடலாகாது. 'பால்டர்ஸ் கேட் 2' (2000) ஆட்டத்தின் ஐரெனிகஸ், எல்ஃப் எனப்படும் நெடுவாழ்வினரின் நகரிலிருந்து துரத்தப்பட்டவன். அவன்மீது சற்றே இரக்கம் பிறக்கக்கூடிய வேளையில் அவன் ஆட்டக்காரரின் ஆன்மாவையே பறித்துக்கொள்வதால், அந்தச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.