ஏழு பேர்ச்சும் எழுநூறு ஏக்கரும்

சர்வேயர் வருகிறார் என்று தெரிந்துவிட்டால் பதுளைப் பக்கத்தில் முதலில் விழித்துக்கொள்வது வேலிதான். பத்து வருடமாக இருந்த இடத்தை விட்டு அசையாத முள்ளுக்கம்பி, அளக்க நாள் குறித்த அன்று இரவே இரண்டடி நடந்துவிடும். விடிந்ததும் போய்க் கேட்டால், "மழைக்கு மண் சரிஞ்சிருச்சுங்க" என்பார்கள். மண் சரிந்து வேலி மேட்டுப்பக்கம் ஏறும் அதிசயத்தை நான் ஊவாவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

இப்படி நடக்கிற வேலிகளை நம்பித்தான் எங்கள் குடும்பம் அப்பா காலத்திலிருந்து சோறு தின்கிறது. பஜார் வீதி மாடியில் ஓர் அறை, வாசலில் ஒரு பலகை. அப்பா அளப்பார், அண்ணன் பிளேன் கீறுவார், அம்மா காசு வாங்குவார். மூன்றிலும் கஷ்டமான வேலை மூன்றாவதுதான். அளந்து முடியும்வரை "சேவையர் ஐயா" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்கள், பிளேன் ஆனதும் அவசரமாகக் கொழும்புக்குப் போய்விடுவார்கள். அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். காசு வராத பிளேன்களைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் அடுக்கிவிட்டு, "எல்லாம் முடிஞ்சுது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்பார். ஊரின் பாதிப் பெரிய மனிதர்கள் அந்த அலுமாரிக்கு மேல் தூசி படிந்து கிடந்தார்கள். சொந்தக்காரர்களிடம் மட்டும் அம்மாவின் சட்டம் செல்லாது. கல்யாணப் பந்தியில் இலை போட்டபிறகுதான் ஆரம்பிப்பார்கள்: "மச்சான், அப்படியே ஒரு எட்டு வந்து எங்க எல்லையையும் பாத்துட்டுப் போயிருங்களேன்." அன்று சாப்பிட்ட பாயசம்தான் கூலி.

எங்கள் தொழிலின் பூர்வீகமும் வேடிக்கைதான். இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கியது. ஊவாவையும் உள்ளடக்கிய கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது 1815இல். ஆக, அளக்கிறவன் முன்னால் வந்துவிட்டான், நிலம் பின்னால் வந்து சேர்ந்தது. அதுவரை இங்கே வயலை அமுணத்தில் சொன்னார்கள். ஓர் அமுணம் நெல் விதைக்கப் பிடிக்கிற இடம் ஓர் அமுணம். மண்ணையும் விதைக்கிறவன் கையையும் பொறுத்து இடம் கூடும், குறையும். அந்தக் கணக்கில் சர்வேயருக்கு வேலையே இல்லை.

பிறகுதான் 66 அடி நீளமும் 100 கண்ணியும் உள்ள இரும்புச் சங்கிலி மலை ஏறியது. காடும் தரிசும், வேறொருவருக்கு உரியவை என்று நிரூபிக்கப்படாதவரை, முடிக்குச் சொந்தம் என்றது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஊர்க்காரனிடம் இருந்தது பாட்டன் சொன்ன வாய்வார்த்தை. எதிர்த் தரப்பிடம் இருந்தது பிளேன். எது வென்றது என்று சொல்லத் தேவையில்லை. மலையில் கோப்பி வந்தது, கோப்பியை இலைநோய் தின்றபின் தேயிலை வந்தது. அந்தச் சங்கிலிக்கும் ஒரு குணம் உண்டு. வளையங்கள் தேயத் தேய அது நீளும்; நீண்ட சங்கிலியால் அளந்தால் காணி காகிதத்தில் சிறுக்கும். அதனால் துரைமார் காலத்துப் பிளேனோடு இன்றைய டோட்டல் ஸ்டேஷன் கணக்கை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் முன்பின் இருக்கத்தான் செய்யும். கூடினால் நான் கெட்டிக்காரன், குறைந்தால் கள்ளன். சங்கிலியை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, நாடு நிலத்தைப் பற்றி ஒரு முடிவெடுக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு ஒரு தளபாடம் வந்தது. 1972இல் வயல் அல்லாத காணிக்கு ஆளுக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு போட்டார்கள்: சாப்பாட்டு மேசை. 1975இல் கம்பனித் தோட்டங்களையும் அரசு எடுத்துக்கொண்டது: அண்ணனுக்குக் கீறுகிற மேசை. 1992இல் தோட்டங்களை நடத்தும் பொறுப்பை மறுபடி கம்பனிகளிடம் கொடுத்தார்கள்: குளிர்சாதனப் பெட்டி. கொடுத்தாலும் பறித்தாலும் முதலில் அளந்தாக வேண்டும் அல்லவா!

அதிலும் தோட்டம் அளப்பதைவிட நிம்மதியான வேலை கிடையாது. காலைப் பெரட்டில் துரை ஒரு வார்த்தை சொன்னால் போதும், கத்தியோடு நாலு ஆளும் வழிகாட்ட ஒரு கங்காணியும் வந்துவிடுவார்கள். அப்புத்தளைப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் கருவியை மூடிவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம். ஆடி, ஆவணியில் கச்சான் வீசும். ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கிற அதே காற்று எங்கள் தூக்குக்குண்டை ஒரு நிமிடம் சும்மா தொங்க விடாது. மற்றபடி இடைஞ்சல் என்றால் அட்டையும் குளவியும்தான். இரு தரப்பும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்கிற எல்லை குளவிக்கூடு ஒன்றுதான் என்பது என் அனுபவம்.

எழுநூறு ஏக்கரின் சொந்தக்காரர் ஒருநாளும் எல்லையில் வந்து நின்று பார்த்ததில்லை. அப்பாவின் காலத்தில் அவர் லண்டனில் இருந்தார், என் காலத்தில் கொழும்பில் இருந்தார். பிளேனில் பங்களா, ஸ்டோர், தவறணை, கான், கோயில் எல்லாவற்றையும் பேர் போட்டுக் கீறுவோம். லயம் என்றால் நீளமாக ஒரு பெட்டி. 10க்கு 12 அடிக் காம்பராவுக்குள் எத்தனை பேர் என்று பிளேன் கேட்பதில்லை.

பங்கு வழக்கு வேறு ரகம். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் சர்வேயருக்குக் கட்டளை அனுப்பும். அளந்தால் மட்டும் போதாது. வீடு, கிணறு, மரம் எல்லாவற்றுக்கும் யார் யார் உரிமை கேட்கிறார்கள் என்றும் எழுத வேண்டும். அரை ஏக்கரில் ஒரு பலாமரம் நின்றால் அன்றைய பொழுது போச்சு. "நட்டது எங்கப்பா" என்பார் ஒருவர். "தண்ணி ஊத்தினது எங்கம்மா" என்பார் இன்னொருவர். "அம்பது வருஷமாப் பழம் சாப்பிடுறது நான்" என்பார் மூன்றாமவர். நாற்பத்தெட்டில் ஒரு பங்குக்காரர் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கி, எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசுவார். காணி சிறுக்கச் சிறுக்கக் கதை பெருக்கும். நான் இத்தனை காலத்தில் கண்டுபிடித்த ஒரே சூத்திரம் இதுதான்.

அந்தச் சூத்திரம் உச்சத்துக்குப் போனது, தோட்ட மக்களுக்குத் தனி வீடும் ஏழு பேர்ச் காணியும் என்ற திட்டம் வந்தபோது. 160 பேர்ச் ஓர் ஏக்கர். ஏழு பேர்ச் என்றால் 1,900 சதுர அடிக்குச் சற்று மேல். பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முளை அடிக்கப் போனேன். லயமே திரண்டு வந்து நின்றது. ஒவ்வொரு முளைக்கும் நாலு பேர் சாட்சி. சரிவான துண்டு ஒன்றின் நீளத்தைப் பிளேனில் 50 அடி என்று குறித்திருந்தேன். ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேரனிடம் நாடாவின் முனையைக் கொடுத்துத் தரையோடு தரையாக இழுத்துப் பார்த்தார். 58 அடி இருந்தது.

"எட்டு அடியை எங்கங்க ஐயா வச்சீங்க?"

சர்வேயர் காணியைச் சாப்பிட்டுவிட்டார் என்ற வதந்தி மலைநாட்டில் பிறப்பது இந்த இடத்தில்தான். காணியைச் சரிவில் அளப்பதில்லை, மட்டத்தில்தான் அளப்போம். முப்பது பாகைச் சரிவில் 58 அடி நடந்தால் மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு அது 50 அடிதான். வீட்டுச் சுவர் சரிவுக்குச் சாய்ந்து எழும்பாது, நேராகத்தான் எழும்பும் என்று நாடாவை மட்டமாகப் பிடித்துத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இத்தனை வருஷம் நாங்க ஏறி இறங்கினது மட்டும் சரிவுல, காணி மட்டத்துலயா?"

இதற்குத் தியத்தலாவை நில அளவைப் பயிற்சி நிலையத்தில் எனக்கு விடை சொல்லித் தரவில்லை.

அவரைச் சமாளித்து வந்தால் அடுத்து ஓர் அம்மாயி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பிளேனை எழுத்துக்கூட்டிப் படித்தார். ஊரெல்லாம் பேர்ச்சில் பேசினாலும் பிளேனில் ஹெக்டேயர்தான் போட வேண்டும். ஏழு பேர்ச் 0.0177 ஹெக்டேயர்.

"என்னாங்க ஐயா இது, சைபருன்னு போட்டிருக்கு? அதுக்குப் பின்னாலயும் ஒரு சைபர்?"

"சைபருக்குப் பின்னால பாருங்க அம்மாயி, நூற்று எழுபத்தேழு இருக்குல்ல?"

"தொரைமாருக்குப் போட்ட பிளேன்ல எல்லாம் சைபர் முன்னுக்கா வந்துச்சு?"

இல்லை என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

இப்போது அலுவலகம் மகள் கையில். ட்ரோன் வைத்திருக்கிறாள். அது சவுக்கு மரத்தின் உச்சியை மிகத் துல்லியமாகப் படம் எடுக்கிறது; தேயிலைச் செடிக்கு அடியில் புதைந்த எல்லைக்கல்லை, எங்களிடம் அப்பா காலத்திலிருந்து இருக்கிற கையாள் வெறுங்காலால் துழாவித்தான் இன்றும் கண்டுபிடிக்கிறார். மகளுக்குக் கணக்கு அவள் அப்பாயியிடமிருந்து வந்தது. "ஏழு பேர்ச் வேலையில பெற்றோல் காசுகூடத் தேறாது, எதுக்குப்பா ஓடுறீங்க?" என்கிறாள்.

தொழில் ரகசியத்தை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். இருநூறு வருடமாக இந்தச் சனங்கள் எத்தனையோ விஷயத்துக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள், எல்லைக்காக மட்டும் போட்டதில்லை. போடுவதற்குச் சொந்தமாக எல்லை என்று ஒன்று இருந்தால்தானே? இனி அம்மாயிக்கு உறுதி கைக்கு வரும். அம்மாயிக்கு மூன்று பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள், முற்றத்தில் ஒரு பலாக்கன்றும் நட்டாயிற்று. முப்பது வருடம் போகட்டும், ஊரில் மற்ற எல்லோரையும்போல அவர்களும் கௌரவமாகப் பங்கு வழக்குக்கு வருவார்கள். அலுமாரியை மட்டும் விற்றுவிடாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன்.