பெட்ரோல் குழாய் நிர்ணயம்: மரக்காணத்துக் காற்றை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

உலகத்தில் ஆராய்ச்சிக்குரிய பொருள்கள் அருகிவிட்டன என்று கவலையுறும் பண்டிதர்கள், ஒரு பழைய மோட்டார் காரின் அடியில் மல்லாந்து படுத்து, பின்புறத்து டேங்கிலிருந்து முன்புறத்துப் பம்பு வரையில் சேஸிஸை ஒட்டி ஓடும் பெட்ரோல் குழாயை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பார்களேயானால், அக்கவலை அவர்களை விட்டு உடனே நீங்கும். ஏறத்தாழப் பத்தடி நீளமும் சுண்டுவிரலினும் மெலிந்த பருமனும் உடைய அக்குழாயை எந்த உலோகத்தால் மாற்றுவது என்ற விஷயத்தில், காரின் வர்ணத்தைப் பற்றியோ இருக்கைத் தோலைப் பற்றியோ எழாத அளவுக்குக் கட்சிகளும் பிரதிகட்சிகளும் தோன்றியிருக்கின்றன. எவர் கண்ணிலும் படாத உறுப்பு என்பதே இதற்குக் காரணம் போலும். கண்ணுக்குத் தெரிந்த பொருளைப் பற்றி வாதிப்பதில் பண்டிதனுக்கு என்ன கீர்த்தி இருக்கிறது?

இடமும் பொருளும் முதற்கண் வரையறுத்துக்கொள்வது சம்பிரதாயம். இடம், சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பிரயாணத்தின் பெரும்பகுதி கழிந்த பின்னர் வெள்ளை உப்புக் குவியல்களோடு கண் கூச எதிர்ப்படும் மரக்காணம். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலருடைய துணிபு; அந்நூலில் இவ்வூர் வழியே வரும் பாணருக்கு நெய்தல் நிலத்தார் தேறலும் சுட்ட மீனும் தந்து உபசரிப்பதை வாசகர்கள் நினைவில் இருத்துவார்களாக, தேறலைப் பற்றிப் பின்னால் பேச நேரும். பொருள், இத்தாலியராகிய மிக்கெலாட்டி உருவம் வரைய 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று பிறந்து, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தாரால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என நாமகரணம் பெற்ற கார். பிறந்த வீட்டார் வைக்காத நான்கு கதவுகளைப் பின்னாளில் வைத்து அழகு பார்த்தது புகுந்த வீடாகிய சென்னையே. அவ்வகைக் கார் ஒன்று மரக்காணத்து உப்பள முதலாளி ஒருவருடைய கீற்றுக் கொட்டகையில் அவர் தந்தையார் காலந்தொட்டு நிற்கிறது. ஓடுகிறது என்று எழுதாமைக்குக் காரணம் உண்டு.

காலையில் அது ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். உப்பளத்து மண்பாதையில் சாதுவாக உருளும். தார்ச்சாலை ஏறி வேகம் பிடித்ததும் மிஸ்ஸிங் காட்டிக் கடைத்தெருவில் நான்கு பேர் பார்க்க நின்றுவிடும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், காயிலை மாற்றினார்கள், கண்டென்சரை மாற்றினார்கள், பிளாட்டினம் பாயிண்டைத் தேய்த்தார்கள், எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். பெட்ரோல் ஒரு சொட்டும் கீழே ஒழுகாமையால் குழாயின்மீது எவருக்கும் சந்தேகம் உதிக்கவில்லை. ஈண்டு ஒரு நுட்பம் அறியத்தக்கது. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பழைய டயாபிரம் பம்பு டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. ஆதலால் டேங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் ஊசிமுனைத் துவாரம் விழுமாயின், எஞ்சின் ஓடுகையில் பெட்ரோல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். ஒழுகுவது குற்றமென்று தேடுபவனுக்கு ஒழுகாமையே சாட்சியாக நின்று பொய் சொல்கிற விசித்திரம் இது. இறுதியில் வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவர், ஒரு கேனில் பெட்ரோலை ஊற்றிப் புதிய ஓஸை அதிலிருந்து நேரே பம்புக்குச் செருகி ஓட்டிப் பார்க்க, எஞ்சின் ஒரு குறையும் கூறாமல் ஓடியதால், எலுமிச்சம்பழம் உட்பட அனைத்தும் நிரபராதிகள் என்று விடுவிக்கப்பட்டு, குழாயின் மேல் வழக்குத் தொடரப்பட்டது.

வழக்கில் முதலாவதாக எழுந்து நின்றவர்கள் ஆதிவாதிகள்: கம்பெனி எதை வைத்ததோ அதுவே வைக்கத்தக்கது என்போர். கம்பெனிகள் வைத்தது பெரும்பாலும் எஃகு. அமெரிக்கராகிய பண்டி என்பவர் 1920-களில் கண்ட முறைப்படி, மெல்லிய எஃகுத் தகட்டைச் சுருட்டி இருமடிச் சுவராக்கித் தாமிரத்தால் உருக்கி ஒட்டிய குழாய் அது. அதிர்வுக்கு அஞ்சாதது, விலையும் மலிவு. இதற்கு எதிரான பிரத்தியட்சப் பிரமாணம் அந்தக் கொட்டகையிலேயே கிடைத்தது. மேஸ்திரி கழற்றி எடுத்த பழைய குழாய், பார்வைக்குப் பத்தடியில் ஒன்பதடி பழுதின்றியே இருந்தது. சேஸிஸோடு சேர்த்துக் கிளிப் அடித்திருந்த இடங்களில் மட்டும், கிளிப்புக்கு அடியில், துரு அடுக்கடுக்காக ஏறி, குறடு பட்டதும் அப்பளம்போல நொறுங்கி உதிர்ந்தது.

கிளிப்புக்கு அடியில் மட்டும் ஏன்? உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது பழமொழி. உப்பே தண்ணீர் குடிக்கும் என்பது ரசாயனம். தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவில் எட்டினால்தான் அதை உறிஞ்சிக் கரையும். ஆனால் கடல்நீரில் கூடவே இருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 அளவிலேயே கசியத் தொடங்கிவிடும். மரக்காணத்துக் கரையில் காற்று அவ்வளவு வறண்டுபோகும் நாழிகை அரிது. பாத்திகளிலிருந்து காற்று வாரிவரும் உப்புத் துகள் கிளிப்பின் இடுக்கில் புகுந்தால், மழை துடைக்க முடியாத, வெயில் உலர்த்த முடியாத ஈரமாக இரவும் பகலும் அங்கேயே குடியிருக்கிறது. ஆக, வெளியிலிருந்து உண்ணும் பகை ஒன்று உண்டென்பதை இங்கிலாந்துக் கைப்புத்தகம் படித்தவர் அறியார். குழாயைக் காரின் ஜாதகம் பார்த்து மட்டும் தேர்ந்தால் போதாது, கார் நிற்கும் ஊரின் ஜாதகத்தையும் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பட்சம். இதையே மேஸ்திரி சுருங்கச் சொன்னார்: “வண்டி எங்க செஞ்சதுன்னு கேக்காதீங்க முதலாளி. எங்க நிக்குதுன்னு பாருங்க.”

அடுத்தவர் தாமிரவாதிகள். இவர்களுடைய செல்வாக்கு பெரிது, ஏனெனில் ஏ.சி. ரிப்பேர் செய்யும் கடை எந்த ஊரிலும் உண்டு, அங்கே தாமிரக் குழாய்ச் சுருள் கிடைக்கும், கையால் வளைத்தாலும் வளையும், துருவேறாது, மினுமினுப்பும் உண்டு. இவ்வளவு குணங்களும் ஒருங்கே அமைந்த உலோகத்தைக் குறை கூறுவதற்கு மனம் வரவில்லையாயினும், ஆராய்ச்சியாளனுக்குத் தாட்சணியம் கூடாது. தாமிரம் அதிர அதிர இறுகும். இறுகினால் பிளக்கும், அதுவும் நட்டுக்காக வாய் விரித்த முனையிலேயே பிளக்கும். உட்புறமோ பெட்ரோல் பிசினாகத் திரிவதைத் தாமிரம் துரிதப்படுத்துகிறது. மாதக்கணக்கில் ஓடாது நிற்கும் காருக்கு இது சிறு குற்றமன்று. போதாக்குறைக்கு, உப்பு ஈரம் நடுவில் நிற்க, தாமிரம் எஃகுச் சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருந்தால் தான் பிழைத்துச் சேஸிஸை அரித்துவிடும். வந்த விருந்தாளி வீட்டுக்காரனைத் தின்னும் இத்தகைய உறவை எந்தச் சாஸ்திரமும் அங்கீகரிக்கவில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கட்சியார் நன்கு உடுத்தியவர்கள், கொஞ்சம் பேசுபவர்கள். பாத்திரக் கடை எஃகாகிய 304 இரகத்தை உப்பின் குளோரைடு கிளிப்பின் இடுக்கிலேயே குத்திக் குழிவிழச் செய்யும். மாலிப்டினம் சேர்ந்த 316 இரகம் தாங்கும், ஆனால் அதை வளைத்து வாய் விரிப்பதற்கு மேஸ்திரியின் கைக்கருவிகள் இசையா. அலுமினியத்தைக் கடற்கரையில் பேசுவதே அபசாரம். மோட்டார் சைக்கிளுக்குப் போடும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூபைப் போட்டால் பெட்ரோல் போவது தெரியும் என்று ஒரு சாரார் உவகை கொள்கின்றனர். சில மாதங்களில் அது கட்டையாகி வெடிப்பதும் தெரியும்.

எஞ்சி நிற்பது குப்ரோ நிக்கல். நூற்றுக்கு 90 பங்கு தாமிரமும் 10 பங்கு நிக்கலும், சிட்டிகை அளவில் இரும்பும் மாங்கனீசும் கலந்த உலோகம்; கப்பல்களில் கடல்நீரே ஓடும் குழாய்களுக்கு இதைத்தான் இடுகிறார்கள்; வால்வோ கம்பெனியார் 1976 முதல் பிரேக் குழாய்க்கு இதைக் கைக்கொண்டார்கள். நம் சட்டைப்பையில் ஒரு காலத்தில் கனத்துக் கிடந்த பெரிய ஒரு ரூபாய் நாணயமும் இதே குலம், அதில் நிக்கல் 25 பங்கு. கடலுக்குள்ளேயே வாழப் பழகிய உலோகம் கடற்காற்றுக்கு அஞ்சாது என்பது அனுமானம். கையால் வளையும், அதிர்வில் தாமிரத்தைப்போல எளிதில் பிளவாது என்பது அனுபவம். விலை எஃகைவிட மிகுதி என்ற ஆட்சேபம் உண்மையே. ஆனால் அந்தச் சிக்கனம் பேசிய முதலாளி, எவரும் திறவாத கையுறைப் பெட்டிக்குத் தேக்குப் பலகை தேடிப் புதுச்சேரிக்கு ஆள் அனுப்பியவர்.

அளவு விஷயத்தில் ஒரு சிறு கலகம் நேர்ந்தது. ஆங்கில மரபுக் கார்களில் குழாயின் வெளிவிட்டம் கால் அங்குலமாகவோ 5/16 அங்குலமாகவோ இருக்கும். அங்குலத்தை எட்டு நூலாக வகுக்கும் நம் பட்டறைக் கணக்கில் முன்னது இரண்டு நூல், பின்னது இரண்டரை நூல். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைக்காரர் கொடுத்ததோ 8 மில்லிமீட்டர். இரண்டரை நூல் என்பது 7.94 மில்லிமீட்டர். இந்த 0.06 மில்லிமீட்டரை, ஒரு தலைமயிரின் பருமனை, முன்னிட்டு முதலாளி குழாயைத் திருப்பி அனுப்ப, கடைக்காரர் மறுபடி அனுப்ப, கடைசியில் மேஸ்திரி இரு தரப்பாரையும் கேளாமல் பழைய நட்டுக்குள் அதைச் செருகிக் காட்டினார். மருங்கு தடவாமல் நுழைந்தது.

இத்தனை வாதமும் பத்தடி உலோகத்தைப் பற்றியது. தீ வரும் இடம் அதுவன்று. டேங்கு வாயிலும் பம்பு வாயிலும் நாலைந்து அங்குல ரப்பர் ஓஸ் உண்டு. எஞ்சின் அதிரும், சேஸிஸ் அதிராது என்பதால் இரண்டுக்கும் நடுவே அந்த நெகிழ்ச்சி அவசியம். ஆதிவாதிகளும் தாமிரவாதிகளும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கடையில் எது தொங்குகிறதோ அதை முழம் போட்டு வாங்கி வருகிறார்கள், அதுவும் வருஷக்கணக்கில் வெயிலில் தொங்கிய சுருளிலிருந்து.

இங்கேதான் தேறல் வருகிறது. 2003-ல் 5 சதவிகிதமாக ஆரம்பித்த எத்தனால் கலப்பு, 2022-ல் 10 ஆகி, 2025-ல் 20 ஆயிற்று. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடித்த சாராயம் ஐந்தில் ஒரு பங்கு கலந்ததே இன்று பம்பில் கிடைக்கும் பெட்ரோல். எயிற்பட்டினத்துக்கு வந்த பாணருக்கு நடந்த உபசாரம் இப்போது காருக்கும் நடக்கிறது. பாணர் குடல் தாங்கியது, 1960-களின் ரப்பர் தாங்கவில்லை. அக்கால நைட்ரைல் ரப்பர் இக்கலவையில் ஊறி வீங்கி இளகும், உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். மேஸ்திரி இதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிரூபித்தார்: பழைய சுருளிலிருந்து ஒரு துண்டும் புதிய ஓஸில் ஒரு துண்டும் பங்க்கில் வாங்கிய பெட்ரோலில் போட்டு மூடி, சில வாரம் கழித்து எடுத்தபோது, முன்னது நகத்தால் கிள்ள வந்தது, பெட்ரோலும் கறுத்திருந்தது, பின்னது போட்டபடி இருந்தது. பின்னதன்மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருந்தது. உட்சுவரில் வைட்டான் இனத்து ரப்பர் பூசியது என்பதற்கு அதுவே முத்திரை. ஆர்6 என்று இருப்பது வெறும் நைட்ரைல் காலத்துப் பிரஜை.

ஓஸை இறுக்கும் கிளிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருப்புளியால் முறுக்கும் கிளிப்பை 1921-ல் உலகுக்கு அளித்தவர் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த ராபின்சன். ஆனால் பட்டையில் வெட்டுத்துளை உள்ள மலிவு வகை ரப்பரைக் கடித்து அறுத்துவிடும். விளிம்பு மடித்த முழுப் பட்டையே உகந்தது. இதை வாங்க முதலாளி தயங்கவேயில்லை, ஏனென்றால் இது வெளியே தெரியும்.

குழாய் மாட்டியபின் அவருக்கு ஒரே விசாரம் மிஞ்சியது: பழங்கார்க் கண்காட்சியில் நடுவர்கள் அடியில் கண்ணாடி வைத்துப் பார்த்தால் சிவந்த நிறம் காட்டிக் கொடுக்குமே என்பது. மேஸ்திரி கறுப்புப் பெயிண்டு வாங்கி வரச்சொல்லி, குழாயை மாத்திரம் அல்ல, கிளிப்புகளின் அடியில் வைத்த ரப்பர்ப் பட்டையையும் சேர்த்துப் பூசினார். மீதமிருந்த ஒன்றரை அடிக் குப்ரோ நிக்கலை, கிணற்றிலிருந்து பாத்திக்கு உப்பு நீர் இறைக்கும் ஆயில் எஞ்சின்காரர், எந்தக் கட்சியிலும் சேராமல், ஒரு கேள்வியும் கேளாமல், தம் எஞ்சினின் டீசல் குழாய்க்கு வெட்டிக்கொண்டு போனார்.